ஐந்தாம் நிலையில் ஆடிய பையன்

வணக்கம் நேயர்களே.

2023 ஜனவரி. மெல்பர்னில் ஆஸ்திரேலிய ஓப்பன் ஆண்கள் ஒற்றையர் கால் இறுதிக்கு எட்டுப் பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவர், அந்தப் பயணத்துக்கு முன்பு அமெரிக்காவை விட்டு வெளியே காலடி வைத்ததே இல்லை. அவருடைய பாஸ்போர்ட்டில் விழுந்த முதல் முத்திரையே ஆஸ்திரேலியாவுடையதுதான். வயது இருபது. பெயர் பென் ஷெல்டன்.

டென்னிஸ் உலகத்தைக் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு விசித்திரம் என்று புரியும். இந்த ஆட்டத்தில் பெரிய ஆளாக வரவேண்டும் என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பெட்டியைக் கட்டிவிட வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, ஏதாவது ஓர் அகாடமியில் தங்கி, மாதத்துக்கு ஒரு நாடு என்று ஜூனியர் போட்டிகளுக்கு அலைய வேண்டும். பதினெட்டு வயதில் கல்லூரிக்குப் போகிறேன் என்று ஒரு பையன் சொன்னால், சரி, இவனால் முடியவில்லை, படிப்பையாவது பார்க்கட்டும் என்றுதான் பெரும்பாலும் நினைப்பார்கள். ஷெல்டன் போனது அந்த வழியில்தான். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் ஆடினார். அந்த இரண்டு வருடங்கள் அவருக்கு என்ன கொடுத்தன, எதைக் கொடுக்கவில்லை என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

முதலில் வீட்டைப் பார்ப்போம். அப்பா பிரையன் ஷெல்டன், அலபாமா மாநிலத்து ஹண்ட்ஸ்வில்காரர். ஜார்ஜியா டெக் கல்லூரிக்காக ஆடிவிட்டுத் தொழில்முறைக்கு வந்தவர். 1991-லும் 1992-லும் நியூபோர்ட் புல்தரைப் போட்டியில் பட்டம் வென்றார். முன்னோடிக் கறுப்பின வீரரான ஆர்தர் ஆஷுக்குப் பிறகு, ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பான ஏ.டி.பி.யின் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் ஆப்பிரிக்க-அமெரிக்க ஆண் அவர்தான். 1994 விம்பிள்டனில் தகுதிச்சுற்று ஆடி உள்ளே வந்து, முதல் சுற்றிலேயே இரண்டாம் நிலை வீரர் மைக்கேல் ஷ்டிக்கை வெளியே அனுப்பினார். அந்த ஷ்டிக் 1991-ன் விம்பிள்டன் சாம்பியன். அம்மா லிசாவும் டென்னிஸ் வீட்டுப் பெண். அவருடைய அண்ணன் டாட் விட்ஸ்கன், 1986 அமெரிக்க ஓப்பனில் ஜிம்மி கானர்ஸைத் தோற்கடித்தவர். ஆக, இரண்டு பக்கமும் ராக்கெட் பிடித்த குடும்பம்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பையன் ஐந்து வயதிலேயே கோர்ட்டில் நின்றிருப்பான் என்றுதானே நினைப்போம்? இவருக்கோ சிறு வயதில் ஆசையெல்லாம் அமெரிக்கக் கால்பந்தின் மேல்தான். குவாட்டர்பேக்காக ஆடினார். அந்த ஆட்டத்தில் பந்தைக் குறிபார்த்துத் தூர எறிகிற ஆள் அவர்தான். டென்னிஸில் முழு மனதோடு இறங்கும்போது வயது பதினொன்று, பன்னிரண்டு ஆகிவிட்டது. இன்று அவருடைய சர்வைப் பார்ப்பவர்கள், அந்தத் தோளும் இடுப்பும் திரும்புகிற விதத்தில் பழைய எறிதல் தெரிகிறது என்பார்கள். எனக்கும் அதில் உண்மை இருப்பதாகவே படுகிறது. பந்தை எறியத் தெரிந்த குழந்தைக்கு சர்வ் பாதி வந்தது மாதிரிதான் என்று எந்த டென்னிஸ் பயிற்சியாளரும் சொல்வார்.

அப்பா 2012-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். குடும்பம் கெய்ன்ஸ்வில் ஊருக்கு மாறியது. பென் அங்கேயே சாதாரணப் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்து, அப்பாவின் அணியிலேயே சேர்ந்தார்.

சேர்ந்ததும் நட்சத்திரமாகிவிடவில்லை. இங்கே கல்லூரி ஆட்டம் நடக்கிற முறையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் அதைப் பார்த்ததில்லை. இரண்டு கல்லூரிகள் மோதுகின்றன. முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள், பக்கத்துப் பக்கத்துக் கோர்ட்டுகளில், ஒரே சமயத்தில். மூன்றில் இரண்டை வென்ற அணிக்கு ஒரு புள்ளி. அது முடிந்ததும் ஆறு ஒற்றையர் ஆட்டங்கள், அவையும் ஒரே சமயத்தில். அணியின் முதல் ஆள் எதிரணியின் முதல் ஆளோடு, ஆறாவது ஆள் ஆறாவது ஆளோடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. எந்த அணி முதலில் நான்கு புள்ளியைத் தொடுகிறதோ அது வென்றது. மற்ற கோர்ட்டுகளில் ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொள்வார்கள்.

டியூஸுக்குப் பிறகு தொடர்ந்து இரண்டு புள்ளி எடுக்க வேண்டும் என்கிற அட்வான்டேஜ் முறையும் கிடையாது. டியூஸ், அதாவது 40-40 ஆனதா, அடுத்த ஒரே ஒரு புள்ளியில் கேம் முடிந்தது. சர்வ் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதை எதிராளி முடிவு செய்வார். சத்தமோ சொல்லி முடியாது. விம்பிள்டனில் ஒருவர் தும்மினால் நடுவர் திரும்பிப் பார்ப்பார். இங்கே மாணவர்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார்கள், எதிராளியைக் கிண்டல் செய்கிறார்கள். உங்கள் கோர்ட்டில் நீங்கள் பிரேக் பாயிண்டில், அதாவது எதிராளி சர்வ் போடும் கேமை வெல்ல ஒரே புள்ளி பாக்கி என்ற நிலையில், நிற்கும்போது பக்கத்துக் கோர்ட்டில் ஒருவன் ஜெயித்து அலறுவான். அது உங்கள் அணியா, எதிரணியா என்று அலறலை வைத்தே தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

2021 மே மாதம், ஒர்லாண்டோவில் தேசிய இறுதி. ஃப்ளோரிடாவும் பேய்லர் பல்கலைக்கழகமும். ஃப்ளோரிடா ஆண்கள் அணி அதுவரை தேசியப் பட்டம் வாங்கியதே இல்லை. முதலாண்டு மாணவரான பென் ஷெல்டனுக்குக் கிடைத்த இடம் ஐந்தாம் நிலை ஒற்றையர். அதாவது, அந்த அணியிலேயே அவரைவிட மேலான நான்கு பேர் இருந்தார்கள். பட்டத்தை உறுதிசெய்த நான்காவது புள்ளி அந்த ஐந்தாம் நிலை ஆட்டத்திலிருந்துதான் வந்தது. அப்பா பயிற்சியாளர் நாற்காலியில், மகன் கோர்ட்டில். 2007-ல் ஜார்ஜியா டெக் பெண்கள் அணிக்கும் பட்டம் வாங்கிக் கொடுத்தவர் பிரையன். ஆண்கள், பெண்கள் இரண்டிலும் தேசியப் பட்டம் வென்ற முதல் பயிற்சியாளராக அன்று ஆனார்.

அந்த ஐந்தாம் நிலையை நான் பெரிதாக எண்ணுகிறேன். பதினெட்டு வயதில் இவர் அகாடமி வழியில் போயிருந்தால், சின்னச் சின்னப் போட்டிகளில் காலியான கேலரிக்கு முன்னால் முதல் சுற்றில் தோற்றுக்கொண்டு, ஓட்டல் அறையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருப்பார். இங்கே வாராவாரம் ஆட்டம், ஜெயிக்கிற பழக்கம், தோற்றால் பதில் சொல்ல வேண்டிய நண்பர்கள். உடம்பு வளரவும் நேரம் கிடைத்தது. ஆறடி நான்கு அங்குல உடம்பு பதினெட்டில் முழுசாக அமைவதில்லை.

அடுத்த ஆண்டு, 2022 மே கடைசியில், இல்லினாய் மாநிலத்து ஷாம்பெய்னில் தேசிய ஒற்றையர் இறுதி. எதிராளி சான் டியேகோ பல்கலைக்கழகத்தின் ஆகஸ்ட் ஹோல்ம்கிரென், டென்மார்க்காரர். முதல் செட் டைபிரேக்கில், அதாவது 6-6 என்று சமமானதும் ஆடும் முடிவு ஆட்டத்தில், ஷெல்டனுக்கு, இரண்டாவது செட் 6-2 என்று ஹோல்ம்கிரெனுக்கு. மூன்றாவதில் ஷெல்டன் 4-2 என்று முன்னால் இருந்தபோது ஹோல்ம்கிரென் காயத்தால் விலகிக்கொண்டார். ஐந்தாம் நிலையில் ஆடிய பையன் ஒரே வருடத்தில் நாட்டின் கல்லூரி சாம்பியன். அதே ஊரில் அதே ஆண்டு பெண்கள் பட்டம் வென்ற பெய்ட்டன் ஸ்டெர்ன்ஸும் இன்று சர்வதேசப் போட்டிகளில் ஆடிவருகிறார்.

ஆனால் ஒன்று. இதற்கு முந்தைய ஆண்டின் ஒற்றையர் சாம்பியன் யார் தெரியுமா? சாம் ரைஃபிஸ். அவரும் ஃப்ளோரிடாதான், ஷெல்டனின் அணித்தோழர்தான். அவருக்குத் தொழில்முறையில் இப்படி ஓர் ஏற்றம் அமையவில்லை. அதே கோர்ட், அதே பயிற்சியாளர், அதே பட்டம். கல்லூரிப் பட்டம் கையில் இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் ரைஃபிஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

பட்டம் வென்ற கையோடு கோடை விடுமுறையில் ஷெல்டன் தொழில்முறைப் போட்டிகளில் ஆடிப் பார்த்தார், இன்னும் மாணவராகவே. ஜூலையில் அட்லாண்டா ஓப்பன். அவர் பிறந்த ஊர் அது. வைல்டு கார்டு, அதாவது தரவரிசை பார்க்காமல் அமைப்பாளர்கள் தரும் நேரடி இடம், கிடைத்தது. ஏ.டி.பி. போட்டியின் முதன்மைச் சுற்றில் அவர் பெற்ற முதல் வெற்றி யாருக்கு எதிராக என்றால், நம்ம சென்னை ராம்குமார் ராமநாதனுக்கு எதிராக. அடுத்த சுற்றில் ஜான் இஸ்னரிடம் மூன்று செட் ஆடித் தோற்றார். இந்த இஸ்னரும் கல்லூரிக்காரர், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் முழுசாக ஆடியவர். 2007 தேசிய ஒற்றையர் இறுதியில், சொந்த ஊர் ரசிகர்களுக்கு முன்னால், அவரைத் தோற்கடித்தவர் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடிய சோம்தேவ் தேவ்வர்மன். சோம்தேவ் சென்னையில் ஆடிப் பழகி அமெரிக்கா போனவர். 2008-லும் அந்தப் பட்டம் அவருக்குத்தான். இரண்டு முறை வென்ற சோம்தேவைவிட, இறுதியில் தோற்ற இஸ்னர்தான் பிறகு தரவரிசையில் வெகு உயரம் போனார். ஆறடி பத்து அங்குலத்திலிருந்து இறங்கும் சர்வ் அப்படி. சரி, விட்ட இடத்துக்கு வருவோம்.

ஆகஸ்டில் சின்சினாட்டி. மாஸ்டர்ஸ் வகைப் போட்டி, உலகத்தின் முதல் வரிசை ஆட்டக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். அங்கேயும் வைல்டு கார்டு. இரண்டாவது சுற்றில் காஸ்பர் ரூடை 6-3, 6-3 என்று வென்றார். ரூட் அந்த ஆண்டுதான் பாரிஸில் நடக்கும் பிரெஞ்சு ஓப்பனில் இறுதி வரை போனவர். ஒரு கல்லூரி மாணவர் அவரை நேர் செட்களில் முடித்ததும் பேச்சு கிளம்பிவிட்டது. அன்றைய விதிப்படி கல்லூரி ஆட்டக்காரர் தன் செலவுக்கு மேல் பரிசுப் பணம் எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சில நாட்களில் அறிவிப்பு வந்தது: இனி தொழில்முறை.

அமெரிக்க ஓப்பனில் முதல் சுற்றிலேயே நூனோ போர்ஜெஸிடம் ஐந்து செட்டில் தோல்வி. போர்ச்சுகல்காரரான போர்ஜெஸும் அமெரிக்கக் கல்லூரியில், மிசிசிப்பி ஸ்டேட்டில் ஆடியவர்தான். ஷெல்டன் ஓய்ந்து உட்காரவில்லை. நவம்பரில் சாலஞ்சர் போட்டிகள், அதாவது பெரிய போட்டிகளுக்கு ஒரு படி கீழே உள்ளவை. சார்லட்ஸ்வில், நாக்ஸ்வில், ஷாம்பெய்ன் என்று மூன்று வாரம் தொடர்ந்து ஆடி மூன்றிலும் பட்டம். கடைசிப் பட்டம் வென்ற ஷாம்பெய்னில்தான் ஆறு மாதம் முன்பு கல்லூரி சாம்பியனாகியிருந்தார். ஆண்டுத் தொடக்கத்தில் 500-க்கு வெளியே இருந்தவர், ஆண்டு முடியும்போது உலகத்தின் முதல் 100 பேருக்குள்.

பிறகுதான் அந்த மெல்பர்ன் பயணம். முதல் சுற்றிலும் நான்காவது சுற்றிலும் ஐந்து செட் ஆடி வென்றார். நான்காவது சுற்றில் எதிரே நின்றவர் ஜே.ஜே. வூல்ஃப், ஒஹாயோ ஸ்டேட் கல்லூரிக்காரர். கால் இறுதியில் இன்னொரு அமெரிக்கரான டாமி பாலிடம் நான்கு செட்டில் தோற்றார்.

அடுத்த ஏழு மாதம் கடினமானவை. எல்லாரும் மெல்பர்னைப் பற்றிப் பேசுவார்கள், இதைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். ஐரோப்பாவின் களிமண் தரை அவருக்குப் புதிது. புல்லும் புதிது. விமானம், நேர வித்தியாசம், சாப்பாடு எல்லாமே புதிது. ஆஸ்திரேலிய ஓப்பனிலிருந்து அமெரிக்க ஓப்பன் வரை, பெரிய போட்டி எதிலும் தொடர்ந்து இரண்டு ஆட்டங்களை அவரால் வெல்ல முடியவில்லை. மற்றவர்கள் பதினைந்து வயதில் வாங்கிய அடிகளை இவர் இருபது வயதில், தொலைக்காட்சி கேமராவுக்கு முன்னால் வாங்கினார். கல்லூரி வழியின் விலை இது. அந்த வழியைப் புகழ்கிறவர்கள், நான் உட்பட, இந்த விலையையும் சொல்லியாக வேண்டும்.

அந்த ஜூன் மாதத்தில் அப்பா பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு மகனோடு முழுநேரமாகச் சேர்ந்துகொண்டார். இரண்டு ஆண்டு முன்புதான் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்த அணி, பத்தாண்டுக்கு மேல் இருந்த இடம். லேசான முடிவல்ல.

2023 அமெரிக்க ஓப்பனில் எல்லாம் கூடி வந்தது. டாமி பாலை வென்றார், கால் இறுதியில் ஃபிரான்சிஸ் டியாஃபோவை வென்றார். டாமி பாலுக்கு எதிராக ஒரே கேமில் இரண்டு முறை மணிக்கு 149 மைல், அதாவது ஏறக்குறைய 240 கிலோமீட்டர் வேகத்தில் சர்வ் போட்டார். ஜெயித்ததும் காதருகே போன் பிடிப்பது போல் கையை வைத்து, பிறகு ரிசீவரைக் கீழே வைப்பது போல் ஒரு சைகை. அரை இறுதியில் அவரை நேர் செட்களில் முடித்த ஜோகோவிச், அதே சைகையைச் செய்து காட்டிவிட்டுத்தான் கை குலுக்கப் போனார். குலுக்கிய கை ரொம்ப நேரம் ஒட்டவில்லை. சிலர் ஜோகோவிச் அப்படிச் செய்திருக்க வேண்டாம் என்றார்கள். எனக்கு அதில் தவறு ஒன்றும் தெரியவில்லை. கல்லூரி வேலியோரக் கிண்டலில் வளர்ந்த பையனுக்கு அது உறைத்திருக்குமே தவிர, புதிதாக இருந்திருக்காது.

அக்டோபரில் டோக்கியோவில் முதல் ஏ.டி.பி. பட்டம். 2024 ஏப்ரலில் ஹியூஸ்டனில் இரண்டாவது, அதுவும் களிமண் தரையில். 2025 ஆஸ்திரேலிய ஓப்பனில் அரை இறுதி, விம்பிள்டனில் கால் இறுதி. இரண்டிலும் தடுத்தவர் இத்தாலியின் யானிக் சின்னர்.

2025 ஆகஸ்டில் டொராண்டோ. ஷெல்டனின் முதல் மாஸ்டர்ஸ் பட்டம். சின்னர், அல்கராஸ், ஜோகோவிச் மூவரும் அந்த வாரம் ஆடவில்லை என்பதை மறைக்க வேண்டாம். ஆனாலும் வென்ற விதத்தைக் கவனியுங்கள். பிராண்டன் நகஷிமாவை மூன்றாவது செட் டைபிரேக்கில் வென்றார். ஃபிளாவியோ கோபோலியையும் மூன்றாவது செட் டைபிரேக்கில். இறுதியில் கரேன் கச்சனோவிடம் முதல் செட்டைத் தோற்று, இரண்டாவதை எடுத்து, மறுபடி மூன்றாவது செட் டைபிரேக். ஒரே போட்டியில் மூன்று முறை, இரண்டு மூன்று புள்ளிகளில் முடிந்துபோகக்கூடிய நிலையில் நின்று, மூன்று முறையும் தப்பித்தார். டியூஸில் ஒரே புள்ளி என்று இரண்டு வருடம் ஆடிய பழக்கம் அங்கே கைகொடுத்தது என்பது என் கணிப்பு. நிரூபிக்க முடியாது. ஆனால் இடது கையால், கோர்ட்டின் இடது பாதியான அட்வான்டேஜ் பக்கத்திலிருந்து வெளியே வளைகிற அந்த சர்வை, தோற்றால் முடிந்தது என்ற புள்ளியிலும் தயங்காமல் போடுகிறார் பாருங்கள், அந்தத் தெம்பு பயிற்சி மைதானத்தில் வருவதில்லை. அந்த வெற்றியோடு உலகத் தரவரிசையில் 6-ம் இடத்துக்கு வந்தார்.

அதே மாதக் கடைசியில் அமெரிக்க ஓப்பன் மூன்றாவது சுற்றில், மன்னரினோவுக்கு எதிராக, இடது தோள் வலியால் பாதியில் விலகினார். சர்வ் போடுகிற தோள். பிறகு தேறி வந்து, ஆண்டின் தலைசிறந்த எட்டுப் பேர் மட்டும் ஆடும் துரின் போட்டிக்கு முதல் முறையாகத் தகுதி பெற்றார். அங்கே மூன்று ஆட்டத்திலும் தோல்வி.

குறை எங்கே இருக்கிறது? எதிராளியின் சர்வைத் திருப்பி அடிப்பதில். தன் சர்வை வைத்துக்கொண்டு யாரோடும் டைபிரேக் வரை போய்விடுகிறார், எதிராளியின் சர்வை உடைக்க, அதாவது அவர் சர்வ் போடும் கேமை வெல்லத்தான் திணறுகிறார். சின்னரை 2023-ல் ஷாங்காயில் ஒரு முறை வென்றார். அதற்குப் பிறகு 2025 முடியும் வரை ஒரு முறைகூட முடியவில்லை. சின்னர் இவருடைய சர்வையே திருப்பி அனுப்பிவிடுகிறார், அப்போது இவரிடம் வேறு வழி அதிகம் இல்லை. இதைக் கல்லூரி சரிசெய்யவில்லை. அங்கே இவருடைய சர்வ் ஒன்றே பெரும்பாலும் வேலையை முடித்துவிட்டது, ரிட்டர்னைச் செதுக்க வேண்டிய அவசியம் எழவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரியில் ஆடிய ஆண் ஒருவர் கிராண்ட்ஸ்லாம், அதாவது நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றின், ஒற்றையர் பட்டம் வென்றது கடைசியாக 1984 அமெரிக்க ஓப்பனில், ஜான் மெக்கென்ரோ. அவரும் 1978-ன் கல்லூரி சாம்பியன்தான், ஸ்டான்ஃபோர்டுக்காக ஒரே வருடம் ஆடியவர். இடையில் தென்னாப்பிரிக்காவின் கெவின் ஆண்டர்சன், இல்லினாய் பல்கலைக்கழகத்துக்காரர், இரண்டு இறுதிகளுக்குப் போய் இரண்டிலும் தோற்றார். கல்லூரிக்குப் போகாத அமெரிக்க ஆண்களில்கூடக் கடைசியாக வென்றது 2003-ல் ஆண்டி ராடிக். ஷெல்டன் 2002 அக்டோபரில் பிறந்தவர். ராடிக் கோப்பையைத் தூக்கியபோது இவருக்கு ஒரு வயதுகூட முடியவில்லை.

அடுத்த முறை ஷெல்டன் ஆட்டம் தொலைக்காட்சியில் வந்தால், அந்த 149 மைல் சர்வைப் பார்ப்பதை ஒரு செட்டுக்குத் தள்ளி வையுங்கள். எதிராளி இரண்டாவது சர்வ் போடும்போது இவர் எங்கே நிற்கிறார், பந்தை எவ்வளவு ஆழமாகத் திருப்புகிறார், அடுத்த அடிக்குக் கால் எங்கே போகிறது என்று பாருங்கள். அப்பாவும் மகனும் பயிற்சியில் கவனம் வைக்க வேண்டியது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.